நைரோபி – ஜோகன்னஸ்பர்க்: தூரம் எவ்வளவு, விமானத்தில் எவ்வளவு நேரம்? நாமே கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

அவசரமாகப் பதில் மட்டும் வேண்டியவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கென்யாவின் நைரோபிக்கும் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்குக்கும் நடுவே வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் நாலு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய ஆகும். சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர், தாண்ட வேண்டிய எல்லைகள் நான்கு.

ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு மட்டும் யாராலும் பயணத்தைத் திட்டமிட முடியாது. ஒரு தளத்தில் 2,900 என்று இருக்கும், இன்னொன்றில் 3,900 என்று இருக்கும். ஒருவர் மூன்றே கால் மணி நேரம் என்பார், இன்னொருவர் ஐந்து என்பார். எல்லாரும் ஒருவகையில் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் அளப்பது வேறு வேறு விஷயம், அவ்வளவுதான். எது எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஆப்பிரிக்காவின் எந்த இரண்டு நகரங்களுக்கும் இதே கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

படி 1: எங்கிருந்து எங்கே என்பதை முடிவு செய்யுங்கள்

"கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்கா எவ்வளவு தூரம்" என்று தேடாதீர்கள். அப்படித் தேடினால் பல தளங்கள் ஒரு நாட்டின் நடுப்புள்ளியிலிருந்து இன்னொரு நாட்டின் நடுப்புள்ளிக்கு அளந்து ஓர் எண்ணைக் கொடுக்கும். அந்த இரண்டு புள்ளிகளிலும் விமான நிலையமே இருக்காது. நகரத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அதைவிட நல்லது விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போடுவது: நைரோபியின் ஜோமோ கென்யாட்டா நிலையத்துக்கு என்.பி.ஓ., ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ நிலையத்துக்கு ஜே.என்.பி.

குறியீடு ஏன் முக்கியம் என்றால், இரண்டு ஊர்களிலும் இன்னொரு விமான நிலையம் இருக்கிறது. நைரோபியில் வில்சன், ஜோகன்னஸ்பர்க்கில் லான்சேரியா. வில்சனிலிருந்து பெரும்பாலும் மாசாய் மாரா போன்ற சரணாலயங்களுக்குப் போகும் சின்ன விமானங்கள்தான் கிளம்பும். சஃபாரி முடித்து வில்சனில் இறங்கி, அன்றைக்கே ஜோகன்னஸ்பர்க் விமானத்தைப் பிடிக்க நினைப்பவர்கள் நடுவே ஒரு டாக்சிப் பயணத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். நைரோபிப் போக்குவரத்து நெரிசலில் அது சாதாரண விஷயம் இல்லை.

பெயர் குழப்பமும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஈஸ்ட் லண்டன் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. திரிபோலி லிபியாவிலும் இருக்கிறது, லெபனானிலும் இருக்கிறது. இரண்டு காங்கோ நாடுகளின் தலைநகரங்களான பிரஸாவில்லும் கின்ஷாசாவும் ஒரே ஆற்றின் எதிரெதிர்க் கரையில் இருக்கின்றன. "காங்கோ" என்று மட்டும் போட்டால் எந்த நாடு வரும் என்று சொல்ல முடியாது.

படி 2: வான்வழித் தூரத்தைக் கணக்கிடுங்கள்

கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தால் போதும். நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். கென்யாட்டா நிலையம் தெற்கே 1.32 டிகிரி, கிழக்கே 36.93 டிகிரி. டாம்போ நிலையம் தெற்கே 26.14 டிகிரி, கிழக்கே 28.25 டிகிரி.

அட்சரேகை வித்தியாசம் 24.82 டிகிரி. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்று வைத்துப் பெருக்கினால் 2,755 கிலோமீட்டர். இது வடக்கு தெற்காக நகரும் தூரம்.

தீர்க்கரேகை வித்தியாசம் 8.68 டிகிரி. இதையும் 111-ஆல் பெருக்கினால் 963 வரும். ஆனால் தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருகின்றன. அதனால் இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகையான 13.7 டிகிரியின் கோசைனால், அதாவது 0.971-ஆல், மறுபடி பெருக்க வேண்டும். கிடைப்பது சுமார் 936 கிலோமீட்டர். இது கிழக்கு மேற்காக நகரும் தூரம்.

அப்புறம் பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். 2,755-இன் வர்க்கத்தையும் 936-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,910 வரும். பூமியை முழு உருண்டையாக வைத்து முறையான பெருவட்டக் கணக்கு (உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி) போட்டால் 2,912 கிலோமீட்டர். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது என்பதையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் குறைந்து 2,900-ஐ ஒட்டி நிற்கும். நாம் போட்ட எளிய கணக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். தூரம் கூடக் கூட, பூமத்தியரேகையை விட்டு விலக விலக, இந்தக் குறுக்குவழியில் பிழை ஏறும். கெய்ரோவிலிருந்து கேப் டவுன் போன்ற நீண்ட பாதைகளுக்குப் பெருவட்டக் கணிப்பான்களைப் பயன்படுத்துங்கள்.

விமானத் துறையினர் கடல்மைலில் பேசுவார்கள். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். நம் பாதை சுமார் 1,570 கடல்மைல்.

உலகப்படத்தில் விரலால் அளந்து பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுவரில் மாட்டும் வழக்கமான மெர்கேட்டர் படத்தில் வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாடுகள் பெரிதாகவும், ஆப்பிரிக்கா சிறிதாகவும் தெரியும். நிஜத்தில் இந்தக் கண்டம் 3 கோடி சதுர கிலோமீட்டருக்கு மேல். துனிசியாவின் வடமுனையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் அகுல்ஹாஸ் முனை வரை ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர். "ஆப்பிரிக்காவுக்குள்ளேதானே, பக்கத்தில்தான் இருக்கும்" என்ற நினைப்பில் திட்டம் போட்டால் ஒரு முழு நாள் கைவிட்டுப் போகும்.

படி 3: விமானம் நிஜமாகப் பறக்கும் பாதையைப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. நைரோபியிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் பெருவட்டக் கோடு ஒன்றை வரைந்து பாருங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தான்சானியா. இடது பக்கம் முதலில் மேரு மலை, அதற்கு அப்பால் கிளிமஞ்சாரோ. கோட்டிலிருந்து கிளிமஞ்சாரோ நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வானம் தெளிவாக இருந்தால் காலை நேரத்தில் பனிமூடிய உச்சியைப் பார்க்கலாம். அதனால் தெற்கே போகும்போது இடது பக்க ஜன்னல், திரும்பி வரும்போது வலது பக்க ஜன்னல். இதற்காக இருக்கைக்குக் கூடுதல் பணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

அடுத்து கோடு மலாவி ஏரியின் வடமுனையைத் தொட்டு, மலாவி–ஜாம்பியா எல்லையை ஒட்டிப் போகிறது. பாதையின் சரியான நடுப்புள்ளி அந்த எல்லையில், ஜாம்பியாவின் சிபாடா நகரத்துக்குப் பக்கத்தில் விழுகிறது. பிறகு மொசாம்பிக்கில் சாம்பேசி ஆற்றை மறித்து உருவாக்கிய கஹோரா பாசா நீர்த்தேக்கம், ஜிம்பாப்வேயில் ஹராரேக்குக் கொஞ்சம் கிழக்கே, கடைசியில் பெயிட்பிரிட்ஜ் பக்கம் லிம்போபோ ஆற்றைத் தாண்டித் தென்னாப்பிரிக்கா. புறப்படும் நாட்டையும் சேரும் நாட்டையும் சேர்த்தால் ஏழு நாடுகள்.

விமானம் இந்தக் கோட்டின் மேலேயே அச்சுப் பிசகாமல் போகாது. ஓடுபாதை இருக்கும் திசையில்தான் எழும்ப வேண்டும். அதன் பிறகு விமானப் பாதைகளைப் பிடித்து, இறங்கும்போது வரிசைக்காகச் சுற்றி வர வேண்டியிருக்கும். பொதுவாக மூன்று முதல் ஐந்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். நம் பாதைக்கு மூன்று சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர்.

இந்தச் சதவீதக் கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது. 2023 ஏப்ரலில் சூடானில் போர் வெடித்ததும் அந்நாட்டின் வான்வெளி மூடப்பட்டது. கெய்ரோவிலிருந்து தெற்கே போகும் நேர்கோடு சூடானுக்கு மேலேதான் போகும்; அதனால் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாகிவிட்டது. அல்ஜீரியா 2021 செப்டம்பரில் மொராக்கோ விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. காசாபிளாங்காவிலிருந்து துனிஸுக்கோ கெய்ரோவுக்கோ போகும் மொராக்கோ விமானம் மத்தியதரைக்கடல் பக்கமாக வளைந்து போவது அதனால்தான். நீங்கள் கணக்கிடும் கோடு எந்தெந்த நாடுகளுக்கு மேலே போகிறது என்று ஒருமுறை பாருங்கள். அப்புறம் விமானங்களை நேரலையில் காட்டும் தளம் ஒன்றில் அன்றைய விமானம் எப்படிப் போகிறது என்று ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். நைரோபி–ஜோகன்னஸ்பர்க் பாதைக்கு இப்படிப்பட்ட பெரிய சுற்று எதுவும் இல்லை.

படி 4: நேரத்தைக் கணக்கிடுங்கள்

போயிங் 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 835 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 787 டிரீம்லைனர் 900-ஐத் தொடும். இந்தப் பாதையில் பறக்கும் கென்யா ஏர்வேஸிடம் இரண்டு வகையும் உண்டு.

3,000-ஐ 835-ஆல் வகுத்தால் 3 மணி 36 நிமிடம். இது விமானம் முழு வேகத்திலேயே பறந்தால் ஆகும் நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்கு ஒரு 15 நிமிடம் சேருங்கள். தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவதற்கும், இறங்கிய பின் நிறுத்துமிடம் வருவதற்கும் 20 முதல் 25 நிமிடம். மொத்தம் நாலே கால் மணி நேரத்தை ஒட்டி வரும். 787 என்றால் நாலு மணி நேரத்துக்குள்ளேயே முடியலாம்.

டிக்கெட்டில் அச்சாகும் பயண நேரம் என்பது கதவு மூடி விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, போய் நிற்கும் வரை. சக்கரம் தரையை விட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தொடும் வரையுள்ள நேரம் இதைவிடக் கால் மணிக்கு மேல் குறைவு. தளங்களுக்குள் எண் வேறுபடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். திட்டமிட எப்போதும் டிக்கெட் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று என்ன செய்யும்? தெற்கு ஆப்பிரிக்காவின் குளிர்காலத்தில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, உயரத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். ஆனால் நம் பாதை கிட்டத்தட்ட வடக்கு தெற்கு. கொஞ்சம்தான் மேற்கே சாய்கிறது. மேற்குக் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரில் வீசினாலும், அதில் எதிர்க்காற்றாக வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்கு போலத்தான், அதுவும் பாதையின் தெற்குப் பாதியில் மட்டும். போகும்போது சில நிமிடம் கூடும், வரும்போது சில நிமிடம் குறையும். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிடம் போல வித்தியாசம் தெரிந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ஜோகன்னஸ்பர்க்–கேப் டவுன் பாதை வெறும் 1,270 கிலோமீட்டர்தான். ஆனால் தென்மேற்காக, காற்றை எதிர்த்துப் போவதால் போக வர நேரம் அதில் நன்றாகவே வேறுபடும்.

இரண்டு விமான நிலையங்களும் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. காற்று அடர்த்தி குறைவு. அதனால் விமானம் எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். டாம்போவின் பெரிய ஓடுபாதை 4,421 மீட்டர் நீளம். நாலு மணி நேரப் பயணத்துக்கு இது தடையே இல்லை, முழுக்க எரிபொருள் நிரப்பிக் கண்டம் தாண்டும் விமானங்களுக்குத்தான் சிக்கல். நைரோபியில் கவனிக்க வேண்டியது வேறு: கென்யாட்டா நிலையத்தில் ஓடுபாதை ஒன்றே ஒன்று. வரிசை நீண்டால் காத்திருப்பும் நீளும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை ஜோகன்னஸ்பர்க்கில் பிற்பகலில் இடியும் மழையும் வழக்கம். அந்த மாதங்களில் மாலை ஐந்து மணிக்குப் போய் இறங்கும் விமானத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். காலை விமானம்தான் நல்லது.

படி 5: கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

கென்யா உலகப் பொது நேரத்துக்கு 3 மணி நேரம் முன்னால். தென்னாப்பிரிக்கா 2 மணி நேரம் முன்னால். இரண்டு நாடுகளிலும் கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை, ஆண்டு முழுக்க ஒரே வித்தியாசம்.

உதாரணத்துக்கு, நைரோபியில் காலை 7:30-க்குக் கிளம்பினால் நாலே கால் மணி நேரம் கழித்து நைரோபியில் 11:45. ஜோகன்னஸ்பர்க்கில் அப்போது 10:45. டிக்கெட்டில் 7:30, 10:45 என்று பார்ப்பவர் மூன்றே கால் மணி நேரம் என்று நினைத்துக்கொள்வார். திரும்பும்போது ஜோகன்னஸ்பர்க்கில் பகல் 12:00-க்குக் கிளம்பி நாலு மணி நேரம் பறந்தால் நைரோபியில் மாலை 5:00. இதைப் பார்ப்பவர் ஐந்து மணி நேரம் என்பார். தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டு பதில்களும் இங்கிருந்துதான் வருகின்றன.

எகிப்து 2023-இலிருந்து மறுபடி கோடைக்கால நேரத்தைப் பின்பற்றுகிறது. மொராக்கோ ரமலான் மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைத்து, பிறகு முன்னே கொண்டுவருகிறது. அந்த நாடுகளுக்கான கணக்கில் தேதியையும் பார்க்க வேண்டும். இன்னொன்று: எத்தியோப்பியாவிலும், கென்யாவின் சுவாஹிலிப் பேச்சிலும் பகல் நேரத்தைக் காலை 6 மணியிலிருந்து எண்ணுவார்கள். நம் 7 மணி அவர்களுக்கு 1 மணி. விமான டிக்கெட்டில் இந்தக் கணக்கு வராது, டாக்சிக்காரரிடம் நேரம் பேசும்போது வரலாம். தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: நேரடி விமானம் இருக்கிறதா?

ஆப்பிரிக்காவில் தூரத்தைவிடப் பெரிய கேள்வி இதுதான். நைரோபியும் ஜோகன்னஸ்பர்க்கும் பெரிய மையங்கள் என்பதால் நேரடி விமானம் கிடைக்கிறது. கண்டத்தின் பல நகர ஜோடிகளுக்கு அது கிடையாது. நாடுகள் தங்கள் வானத்தை ஒன்றுக்கொன்று திறந்துவிட வேண்டும் என்று ஐவரி கோஸ்ட்டின் யாமூசூக்ரோ நகரத்தில் 1999-இல் முடிவெடுத்தார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவர 2018 ஜனவரியில் ஒரே ஆப்பிரிக்க விமானச் சந்தைத் திட்டத்தை ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கியது. வேலை இன்னும் முடியவில்லை. அதனால் அடிஸ் அபாபா (எத்தியோப்பியா), கிகாலி (ருவாண்டா), காசாபிளாங்கா (மொராக்கோ), லோமே (டோகோ) போன்ற மையங்கள் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

மலிவான டிக்கெட்டைப் பார்த்து மாறிப் போகும் விமானத்தை எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். நைரோபியிலிருந்து அடிஸ் அபாபா வடக்கே சுமார் 1,160 கிலோமீட்டர். அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் 4,070. மொத்தம் 5,230, நேர்வழியைவிட எண்பது சதவீதம் அதிகம். தெற்கே போக வேண்டியவர் முதலில் வடக்கே போகிறார். கிகாலி வழியாக என்றால் 760-உம் 2,690-உம் சேர்ந்து சுமார் 3,450. இருபது சதவீதம்தான் கூடுதல். இரண்டிலும் நடுவே காத்திருக்கும் நேரம் தனி. கிகாலி வழி கட்டணத்தில் நல்ல வித்தியாசம் வந்தால் யோசிக்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் நேரடி விமானத்தையே எடுங்கள் என்பது என் திடமான கருத்து.

படி 7: வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுங்கள்

சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நிலையத்தில் இருங்கள். கென்யாட்டா நிலையத்துக்குள் வண்டி நுழையும் இடத்திலேயே பயணிகளை இறக்கிச் சோதனை செய்வார்கள், அந்த வரிசைக்கும் நேரம் வேண்டும். 2022-இல் திறந்த கட்டண விரைவுச்சாலை வெஸ்ட்லேண்ட்ஸ் பக்கமிருந்து வருபவர்களுக்குப் பெரிய உதவி. கட்டணத்துக்கு அஞ்சிக் கீழே நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஜோகன்னஸ்பர்க்கில் குடியேற்ற வரிசைக்கும் பெட்டிக்கும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கௌட்ரெயின் ரயிலில் நகரின் வணிகப் பகுதியான சாண்ட்டனுக்குக் கால் மணி நேரம். எல்லாம் சேர்த்தால் நாலே கால் மணி நேர விமானம், வாசலிலிருந்து வாசலுக்கு ஒன்பது பத்து மணி நேரம்.

டர்பனில் உறவினர்களைப் பார்க்கப் போகும் தமிழர்கள் பலர் இங்கே விமானம் மாறுவார்கள். தென்னாப்பிரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றம் முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். டர்பன் பெயர் பெட்டியில் ஒட்டியிருந்தாலும் இதே வழிதான். நடுவே குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள்.

சாலையில் போக நினைப்பவர்களுக்கு

நமங்காவில் தான்சானியாவுக்குள் நுழைந்து, அருஷா, டோடோமா, இரிங்கா, ம்பேயா வழியாகத் துண்டுமா எல்லை. பிறகு ஜாம்பியாவின் நீளம் முழுக்க லுசாகா வரை. சிருண்டுவில் ஜிம்பாப்வே, ஹராரே, பெயிட்பிரிட்ஜில் தென்னாப்பிரிக்கா. துண்டுமாவிலும் பெயிட்பிரிட்ஜிலும் சரக்கு லாரிகளின் வரிசை நீளமாக நிற்கும். இரவில் ஓட்டாமல், எல்லைகளில் பொறுமையாக நின்று போனால் ஒரு வாரமாவது ஆகும். போக வேண்டிய வேலைக்காக இந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வழியைப் பார்ப்பதற்காகவே போனால் அருமையான பயணம்.

படி 8: காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தென்னாப்பிரிக்க விசாவை முன்கூட்டியே வாங்க வேண்டும். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண அனுமதி. கென்யக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2023 ஜனவரி 1 முதல் ஆண்டுக்கு 90 நாள் வரை விசா இல்லாமல் தென்னாப்பிரிக்கா போகலாம்.

பலர் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை. கென்யா அந்த நோய் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது, அங்கிருந்து வருபவர்களிடம் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதனால் கடைசி வாரத்தில் போய் நின்றால் பயனில்லை. ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊர் திரும்பும்போதும் அந்த மஞ்சள் புத்தகம் கையில் இருக்கட்டும்; இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அதிகாரிகளுக்கு விதி இருக்கிறது.